பொடி எழுத்து வேகத்தடை

எங்கள் ரோட்டுக்குப் புதுத் தார் போட்ட அன்று ஊரிலேயே முதல் ஆளாக வாசலில் நின்று கைதட்டியவள் நான்தான். அந்தக் கையை அன்றைக்கே கட்டிப் போட்டிருக்க வேண்டும்.

அதுவரை ரோட்டில் குழிகள் இருந்தன. சின்னதும் பெரியதுமாக எல்லாம் பழகின குழிகள். வடசேரியிலிருந்து வரும் மினிபஸ் எங்கள் வீட்டு முன்னால் வந்ததும் சற்று யோசிக்கும், இடப்பக்கம் ஒதுங்கும், வலப்பக்கம் சாயும், பிறகு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர் இலையை விட்டு எழுவதுபோல மெல்ல எழுந்து போகும். டாரஸ் லாரிக்காரருக்குக்கூட அங்கே ஓர் அடக்கம் வந்துவிடும். புதுத் தார் விழுந்ததும் ரோடு தோசைக்கல்லாக மழமழவென்று ஆகிவிட்டது. மறுநாளே எல்லாருக்கும் கால் அரிப்பு எடுத்துவிட்டது. மினிபஸ், பாறைப்பொடி ஏற்றின டாரஸ், சூரியன் மறைவதற்குள் கன்னியாகுமரி போய்ச் சேர வேண்டுமென்று போனில் குறுக்குவழி பார்த்து வரும் வெளியூர்க் கார், எல்லாம் எங்கள் வாசலில் பறக்க ஆரம்பித்தன.

பறந்தால் பறக்கட்டுமே, உனக்கென்ன என்று கேட்பீர்கள். எனக்கொன்றுமில்லை. கஷ்டம் என் வீட்டுக்காரருக்கு.

அவர் ரிட்டயர்டு பஸ் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து வலது கையும் வலது காலும் நினைத்தால் வேலை பார்க்கும், இல்லாவிட்டால் லீவு. நாக்கும் கொஞ்சம் மடங்கிவிட்டது. ஒரு வாக்கியம் வெளியே வர ஒரு சாயா குடிக்கிற நேரமாகும். அவருக்கென்று நாளில் மிச்சமிருந்தது ஒரே ஒரு காரியம். சாயங்காலம் நாலரைக்கு, வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிற சாயாக்கடைக்கு ரோட்டைத் தனியாகக் கடந்து போவது. கூட வேலை பார்த்த மூன்று டிரைவர்கள் அங்கே வந்திருப்பார்கள். ஆளுக்கொரு சாயா, ஆளுக்கொரு ரசவடை. எந்த மலைப்பாதையில் எந்த வளைவில் யார் பிரேக் போடாமல் இறக்கினார் என்று அவர்கள் அளந்துகொண்டே இருப்பார்கள். இவர் 'ம்' கொட்டுவார். அந்த ஒரு 'ம்'முக்காக மூன்று மணிக்கே சட்டை போட ஆரம்பிப்பார். இடது கையால் ஐந்து பொத்தான் மாட்டுவது லேசான காரியமில்லை.

என் கையைப் பிடித்துக்கொண்டு கடக்க மாட்டார். பிடிக்கப் போனால் முறைப்பார். ஆகவே நான் கேட்டுக்குள் நின்று மனதுக்குள் எண்ணுவேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அவருக்கு இருபத்திரண்டு எண்ணிக்கை ஆகும். எண்ணுவது என் தொழில் புத்தி. சாலைப் படங்கள் வரையும் ஓர் அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவள் நான். நீங்கள் ஸ்டியரிங் பிடித்த காலத்தில் ரோட்டோரம் எத்தனை பேரை இப்படி நிறுத்தி வைத்தீர்களோ, அந்தச் சாபமாக்கும் என்று அவரைக் கேலி செய்வேன். அவரும் பாதி வாயால் சிரிப்பார்.

புதுத் தாருக்கு அடுத்த வாரம், எண்ணிக்கை பதினொன்றில் இருக்கும்போது, வளைவிலிருந்து ஒரு வெளியூர்க் கார் ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி வந்தது. இவர் கொஞ்சம் எட்டி வைக்கப் பார்த்தார். கால் கேட்கவில்லை. நடு ரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கார் ஒதுங்கிப் போய்விட்டது. முழங்காலில் சிராய்ப்புதான், வேறொன்றுமில்லை. மூன்று டிரைவர்களும் ஓடி வந்து தூக்கினார்கள். அத்தனை பேர் பார்க்கத் தூக்கினார்களே, அதுதான் அவருக்குப் பட்ட காயம்.

மறுநாள் மூன்று மணிக்குச் சட்டை கொடியிலேயே கிடந்தது. கேட்டதற்கு, “ஏட்டி, இனி போவல்ல” என்றார்.

நண்பர்கள் இரண்டு நாள் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். சோபாவில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்து, பிரஷர் எவ்வளவு, மாத்திரை எத்தனை என்று விசாரித்துவிட்டு, நான் கொடுத்த பிஸ்கட்டை மரியாதைக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சாயாக்கடைப் பேச்சு சோபாவில் வரவே வராது. இவர் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம், உச்சந்தலை வரைக்கும் வந்தது.

வேகத்தடை எனக்குத் தெரியாததா! எத்தனை ஊருக்கு வரைந்திருக்கிறேன். பன்னிரண்டு அடி அகலம், நடுவில் நாலு அங்குல உயரம். நிதானமாக வருகிறவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியக் கூடாது, பறந்து வருகிறவருக்கு மட்டும் தலை கூரையில் முட்ட வேண்டும். அதுதான் லட்சணம். மனு எழுதிப் படமும் வரைந்து சாலைத் துறை ஆபீஸில் கொண்டு கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது எந்த அடுக்கில் போய் உட்காரும் என்று எனக்குத் தெரியும். அந்த மாதிரி மனுக்கட்டுகளைத்தான் நான் படம் வரையும்போது தாள் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் வைப்பேன்.

சரி, நாமே போட்டுவிடுவோம் என்று இறங்கினேன். பக்கத்து வீட்டில் மாடிக்குக் கான்கிரீட் போட்ட அன்று மிச்சம் இருந்த கலவையைக் கேட்டு வாங்கி, கொத்தனாரிடம் என் படத்தைக் கொடுத்தேன். அவர் அதை அப்படித் திருப்பி இப்படித் திருப்பிப் பார்த்தார். “இது ரோட்டு ஹம்ப்பா அக்கா, பாய் விரிச்சதா?” என்று கேட்டுவிட்டு, படத்தை மடித்துக் காதில் செருகிக்கொண்டு, தன் இஷ்டத்துக்கு ஒன்று கட்டினார். ஒரு முழ அகலம், முக்கால் முழ உயரம். உள்ளே யாரையோ அடக்கம் செய்திருப்பதுபோல இருந்தது.

மறுநாள் காலையில் கடற்கரையிலிருந்து ஸ்கூட்டியில் வரும் மீன்கார அக்கா அதன்மேல் ஏறினாள். அவள் இறங்கினாள், பெட்டி பறந்தது. சாளை மீன் முழுவதும் ரோட்டில். எங்கள் தெருப் பூனைகளுக்கு அன்று கொடைவிழா. அக்கா என்னைத் திட்டின வார்த்தைகளில் பாதி நான் அதுவரை கேள்விப்படாதவை. மத்தியானத்துக்குள் பைக்குக்காரர்கள் ஓரத்து மண்ணில் ஒரு வழி கண்டுபிடித்து, என் செம்பருத்தியை மிதித்துக்கொண்டு சுற்றிப் போனார்கள். மூன்றாம் நாள் ஜேசிபி வந்து அதைப் பெயர்த்தது. பெயர்த்ததில் புதுத் தாரும் கொஞ்சம் சேர்ந்து வந்து, அருமையான ஒரு குழி விழுந்தது. ஊரே முனகியது, நான் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஒரே வாரத்தில் அதையும் அடைத்துவிட்டார்கள். வேண்டாத நேரத்தில்தான் எல்லாருக்கும் சுறுசுறுப்பு வரும்.

அப்படித் தோற்றுப்போய்க் கேட்டில் நின்றிருந்த ஒரு நாள்தான் அந்த அதிசயத்தைக் கண்டேன். சாயாக்கடைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற கரண்டுக் கம்பத்தில் யாரோ ஒரு மரண அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பறந்து வந்த பைக் ஒன்று அதன் அருகில் வந்ததும் சர்ரென்று வேகம் குறைந்தது. பின்னால் வந்த காரும். அதற்குப் பின்னால் வந்த மினிபஸ்ஸில் டிரைவரோடு சேர்த்து இடப்பக்க ஜன்னல் தலைகள் அத்தனையும் ஒரே திசையில் திரும்பின.

எங்கள் பக்கத்து ஆட்களின் குணம் அது. மரண அறிவிப்பைப் படிக்காமல் ஒருத்தரும் தாண்ட மாட்டார்கள். யார், எந்த வீடு, வயசு என்ன, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். இந்த நாலும் தெரியாமல் வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னித்துவிடுவார்கள். சாவுக்குப் போகாவிட்டால் பேச்சுவார்த்தை முறிந்தது என்று அர்த்தம். டாரஸ் ஓட்டுகிறவருக்கும் ஊரில் சொந்தபந்தம் உண்டுதானே.

இரண்டு வாரம் கேட்டில் நின்று கவனித்தேன். பெரிய ஃபிளெக்ஸ் வைத்தால் தூரத்திலேயே படித்துவிட்டுப் பறந்தார்கள். சின்னத் தாளில் பொடி எழுத்தில் ஒட்டியிருந்தால், கிட்டத்தட்ட நின்றே போனார்கள். அட, இதுவல்லவோ வேகத்தடை! கான்கிரீட் வேண்டாம், ஜேசிபி வந்து பெயர்க்கவும் முடியாது. எழுத்தின் உயரத்தை ஒரு அங்குலம் குறைத்தால் வண்டியின் வேகம் தானாகக் குறைகிறது. முப்பது வருஷ சர்வீஸில் ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

மூடிப்போன டியூஷன் சென்டரிலிருந்து இரண்டு கரும்பலகைகள் கிடைத்தன. படித்துக்கொண்டே வந்து என் வீட்டுக்காரர்மேல் ஏற்றிவிட்டால்? அதையும் யோசித்தேன். பலகை கடக்கும் இடத்தில் இருக்கக் கூடாது. அதற்கு நாற்பது அடி முன்னால், இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். படித்து முடித்து, 'ச்சே, நல்ல மனுஷன்' என்று பெருமூச்சு விட்டு, தலையைத் திருப்பும்போது எங்கள் வாசல் வர வேண்டும். அளந்து பார்த்ததில் ஒரு பலகைக்கான இடம் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவரின் காம்பவுண்டுச் சுவரில் விழுந்தது. இன்னொன்று அவரே தலைவராக இருக்கிற வாசகசாலைச் சுவரில். ஊர் அறிவு வளரும் என்று சொன்னதும் ஹெட்மாஸ்டர் இரண்டுக்கும் சம்மதித்தார்.

மேலே 'அறிவிப்பு' என்று பெரிதாக எழுதினேன். கீழே மற்றதெல்லாம் எறும்பு ஊர்வதுபோல. சாவு இருந்தால் சாவு. பொய் எழுதுவதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். சாவு இல்லாத நாளில் கரண்டு எப்போது போகும், தண்ணீர் எப்போது வரும், மண்டைக்காட்டுக் கொடைக்கு நடந்து போகிறவர்களுக்கு எங்கே மோர், யார் வீட்டு ஆடு காணவில்லை. ஆட்டுக்குக்கூட நன்றாகவே பிரேக் போட்டார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், சட்டையை எடுத்து ஜன்னலோரம் இருந்தவரின் மடியில் போட்டேன். அவர் ரோட்டைப் பார்த்தார். வண்டிகள் வீட்டு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தன. என்னைப் பார்த்தார். பொத்தானில் கை வைத்தார். அன்று இருபத்திரண்டு எண்ணிக்கையில் அந்தக் கரைக்குப் போனார். கடையில் மூன்று பேரும் ஒன்றுமே நடக்காததுபோல நகர்ந்து இடம் விட்டார்கள். நான் உள்ளே போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஆறு மாதம் இப்படி ஓடியது. அப்புறம் என் புத்தியே என் காலை வாரியது.

ஒன்பது நாளாக ஊரில் ஒரு சாவும் இல்லை. நல்ல விஷயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆடும் மோரும் சலித்துப்போய் வண்டிகள் மறுபடி மிதிக்க ஆரம்பித்தன. அந்த நேரம் பார்த்து ஹெட்மாஸ்டருக்கு எண்பதாவது பிறந்தநாள். சுவர் கொடுத்த மனுஷருக்கு ஒரு வாழ்த்துப் போடுவோம் என்று, அவர் பெயரை எழுதினேன். கீழே வீட்டுப் பெயர். அதற்குக் கீழே வயது எண்பது. அதற்குக் கீழே, சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டில். கடைசி வரியில், பிறந்தநாள் பாயசம், எல்லாரும் வருக. எல்லாம் ஒரே பொடி எழுத்து.

ஆறு மாதமாக நான் பழக்கின ஆட்களல்லவா! பெயர், வீடு, வயசு, மணி. நாலும் கிடைத்ததும் தலையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். பாயசம் வரைக்கும் ஒருத்தரும் இறங்கி வரவில்லை.

முதலில் வந்தது ஃப்ரீசர் பெட்டி. அதை ஏற்றி வரும் ஆட்டோக்காரர் எப்போதும் முந்திவிடுவார். பின்னாலேயே பந்தல்காரர் மூங்கிலும் நாற்காலியும் ஏற்றிக்கொண்டு வந்தார். மீன்கார அக்கா ஸ்கூட்டியை ரோட்டிலேயே போட்டுவிட்டு, எனக்கு எழுத்துச் சொல்லித் தந்த ஸாரே என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள். மினிபஸ்ஸிலிருந்து நாலு பேர் மலர்வளைய ரீத்தோடு இறங்கினார்கள். ஹெட்மாஸ்டர் புது வேட்டியும் உதட்டில் பாயசமுமாகக் கதவைத் திறந்து, தனக்கு வந்த ரீத்தைத் தன் கையாலேயே வாங்கினார்.

என்னைக் கூப்பிட ஆள் வந்தது. போனேன். வீடு முழுக்கக் கூட்டம், அழுத கண்ணோடு பாயசம் குடித்துக்கொண்டிருந்தது. சிரிப்பு வேறு முட்டிக்கொண்டு வந்தது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். ஹெட்மாஸ்டர் கொதித்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டின நேரத்தைவிட, வராதவர்கள் பெயரைச் சொன்ன நேரம்தான் அதிகம். கூடப் படித்தவர் ஒருவர், பக்கத்துத் தெருதான், எட்டிப் பார்க்கவில்லையாம். நான் தலையைக் குனிந்து நின்றேன். இரண்டு பலகையையும் இன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பலகை போனால் நாலரை போகும். நாலரை போனால் அந்தச் சட்டை கொடியில்தான். பயத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஊர் அறிவுமில்லை ஒன்றுமில்லை ஸார், இந்த மனுஷன் ரோட்டைக் கடக்கத்தான் இத்தனையும் என்றேன்.

ஹெட்மாஸ்டர் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

“போர்டு இருக்கட்டும். ஆனா இனி நீ எழுதப்பிடாது பிள்ளே. உன் எழுத்த இனி ஒருத்தனும் நம்பமாட்டான். நான் நெசமாட்டு சாவும்போ யாரும் வரமாட்டாவ, கேட்டியா?”

நியாயம்தான். ஆனால் வேறு யார் எழுதுவார்கள்? கேட்டுப் பார்த்த எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சாயாக்கடைக்காரர் தனக்குப் பால்கணக்கு எழுதவே கை நடுங்கும் என்றார். மறுநாள் பலகை வெறுமையாக இருந்தது. காலையிலேயே வண்டிகள் பறந்தன. வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன்.  சோறு உண்டதும் அவர் சுவர்ப்பக்கம் கைநீட்டி ஏதோ கேட்டார். சாக்பீஸ் டப்பா.

நான் சிரித்துவிட்டேன். நல்ல காலத்தில் வலது கையால் எழுதினதையே ஒருத்தராலும் வாசிக்க முடியாது. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போய் எழுதின கடிதத்தை மூன்று பேர் கூடித்தான் படித்தோம். அவரோ முறைத்தார். போன் போட்டு வரவழைத்த மூன்று டிரைவர்களும் போய்ப் பலகைகளைக் கழற்றிக்கொண்டு வந்து வாசல் சிட்டவுட்டில் சாய்த்து வைத்தார்கள். என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு மணி நேரம் சாக்பீஸ் கிறீச்சிட்டது, உடைந்தது, மறுபடி கிறீச்சிட்டது. நாலு மணிக்குப் பலகைகள் பழைய இடத்துக்குப் போயின. நாலரைக்கு அவர் சட்டையெல்லாம் சாக்பீஸ் பொடியோடு கேட்டைத் திறந்தார். ஐந்து பொத்தானில் மூன்றுதான் போட்டிருந்தார்.

நான் எண்ண ஆரம்பித்தேன். ஏழில் வளைவுப் பக்கம் மினிபஸ் சத்தம் கேட்டது.  ஆனால் ஹெட்மாஸ்டர் சுவர்ப் பக்கம் பஸ் வேகம் குறைந்தது, மேலும் குறைந்தது, ஒரேயடியாக நின்றேவிட்டது. பின்னால் டாரஸ். அதற்குப் பின்னால் இரண்டு கார். அந்தப் பக்கம் வாசகசாலை முன்னால் பைக்குகள். எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கோணல்மாணலான அந்த எழுத்தை நிற்காமல் படிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. ஹெட்மாஸ்டரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, தன் சுவரைத் தானே எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்.

மினிபஸ் டிரைவர்தான் முதலில் கண்டுபிடித்தார். பஸ் முழுக்கக் கேட்க, ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார்.

“இன்று... யாரும்... சாகவில்லை. நானும்.”

 பஸ்ஸில் குபீரென்று சிரிப்பு. வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு வந்து, இவருக்குப் பத்தடி முன்னால் நிறுத்தி, டிரைவர் தலையை வெளியே நீட்டினார். அண்ணாச்சி, நாளைக்கு என்ன எழுதுவிய என்று கேட்டார்.

நடு ரோட்டில் அவசரப்படாமல் நின்று, இவர் பஸ்ஸின் பக்கம் திரும்பினார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வார்த்தை வர வழக்கம்போல நேரமானது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

“நாளைக்கும்... இதுதான்.”

நான் இருபத்திரண்டு வரை எண்ணிவிட்டிருந்தேன். அவர் இன்னும் நடு ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை.